ஸ்டார்ட்அப் நண்பர்களோடு ஒரு டின்னர்: எங்கெங்கே சொதப்புகிறோம்?

கோயம்புத்தூரில் தொழில்முனைவோர் கூட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. கொடிசியா வளாகத்தில் கண்காட்சி, புதுக் கம்பெனிகளுக்கு இடமும் உதவியும் கொடுக்கிற கல்லூரி இன்குபேட்டர்களில் கருத்தரங்கு, தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நிகழ்ச்சிகள் என்று ஏதாவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் "அடுத்த மாசச் சம்பளத்துக்கு என்னங்க பண்றீங்க?" என்று மேடையில் யாரும் கேட்க மாட்டார்கள். அதைக் கேட்பதற்குத்தான், தொழில் தொடங்கிய சிலர் மாதம் ஒருமுறை கூடிச் சாப்பிடுகிற இந்த டின்னர்கள். ஆரம்பிப்பவர்களில் பலர் மூன்றாவது மாதமே இதையும் ஒரு விழாவாக்கிவிடுகிறார்கள். நான் பார்த்த சொதப்பல்களில் முக்கால்வாசி அங்கிருந்து கிளம்பியவைதான்.

முதல் தப்பு தலைக்கணக்கில். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக ஓர் அறிவிப்பைத் தட்டிவிட்டு, கட்டைவிரல் போட்டவர்களை எண்ணி முப்பது பேருக்கு இடம் சொல்லிவிடுவார்கள். கட்டைவிரல் போட்டவர்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள். போடாதவர்கள் நண்பரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். அப்படியே முப்பது பேரும் வந்துவிட்டால் அது இன்னும் மோசம். ஹோட்டல்காரர் மேஜைகளை வரிசையாக ஒட்டிப் போட்டுவிடுவார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இடதில் ஒருவர், வலதில் ஒருவர், எதிரில் ஒருவர். மற்றவர்கள் முகத்தைப் பார்த்ததோடு சரி.

பிரிட்டிஷ் உளவியல் ஆய்வாளர் ராபின் டன்பாரும் அவருடைய சகாக்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் சொல்கிறது. தானாகக் கூடிப் பேசும் கூட்டத்தில் ஒரு பேச்சுக்குள் சுமார் நான்கு பேர்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். அதற்கு மேல் போனால் பேச்சு பிரிந்துவிடுகிறது. ஆகவே இரண்டு பேச்சுக்குத் தகுந்த மாதிரி எட்டுப் பேர், மிஞ்சிப் போனால் பத்து. வட்ட மேஜை கிடைத்தால் நல்லது. தனித்தனியாகப் போன் பண்ணிக் கூப்பிடுங்கள். சாப்பாட்டுப் பணத்தை யுபிஐயில் முன்கூட்டியே வாங்கிவிட்டால், வருவேன் என்றவர் வந்துவிடுவார்.

இன்னொன்று, நாளைப் பார்க்காமல் தேதி குறிப்பது. 7-ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துவைத்த வரியைக் கட்ட வேண்டும், 20-ஆம் தேதி மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன். அந்த இரண்டு நாளும் சின்னக் கம்பெனிக்காரர் ஆடிட்டரோடு போனில் இருப்பார். ஆவணி, தை முகூர்த்த நாட்களில் ஊரே ஏதாவது மண்டபத்தில்தான் இருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமையில் பிரியாணிக் கடையில் மேஜை பிடித்துவிட்டு, பாதிப்பேர் தயிர்சாதம் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். கார்த்திகையில் மாலை போட்டவர்களையும் மறக்க வேண்டாம். வாரநாளில், சைவமும் அசைவமும் கிடைக்கிற இடத்தில், ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குள் முடியுங்கள். பத்தரை வரை இழுத்தால் சரவணம்பட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வந்த பெண் அடுத்த முறை வரமாட்டார். வராததற்குக் காரணமும் சொல்லமாட்டார். "பெண் தொழில்முனைவோர் யாரும் வர்றதில்லைங்க" என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் கடிகாரத்தையும், பிறகு பார் உள்ள ஹோட்டலையே எப்போதும் தேர்ந்தெடுக்கிற பழக்கத்தையும் பார்க்கலாம்.

குடி வந்தால் பில்லும் சிக்கல்தான். சமமாகப் பங்கு போட்டால், இட்லி சாப்பிட்டவர் அடுத்தவரின் விஸ்கிக்குப் பணம் கொடுப்பார். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனதில் வைத்திருப்பார். அதற்காக ஸ்பான்சர் பிடிப்பது அதைவிடப் பெரிய தப்பு. பில்லைக் கட்டுகிறவர் வாசலில் தன் கம்பெனி விளம்பரத் தட்டி (ஸ்டாண்டி) ஒன்றை வைக்கச் சொல்வார், பிறகு "அஞ்சே நிமிஷம் பேசிக்கிறேன்" என்பார். அந்த ஐந்து நிமிஷம் எவ்வளவு நீளும் என்று உங்களுக்கே தெரியும்.

சிறப்பு விருந்தினர் மோகத்தையும் விட வேண்டும். இந்த ஊரில் பம்ப், ஃபவுண்டரி, ஸ்பின்னிங் மில் என்று இரண்டு மூன்று தலைமுறையாகத் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். புதுக் கம்பெனிக்கு முதல் ஆர்டர் கொடுக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். சாஃப்ட்வேர்காரர்கள் மட்டுமே கூடி ஒருவர் ஆப்பை இன்னொருவர் பாராட்டிக்கொண்டிருப்பதைவிட, அவர்களில் ஒருவரைக் கூப்பிடுவது எவ்வளவோ மேல். ஆனால் பொன்னாடை போர்த்தி நடுவில் உட்காரவைத்தால், மரியாதைக்காகவே மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஓரத்து நாற்காலியில், எல்லாரையும் போல உட்காரட்டும். முதலீட்டாளர் என்றால் ஒருவர் போதும். அவரிடம் யாரும் முதலீடு கேட்டுப் பிட்ச் பண்ணக்கூடாது என்பதை இரண்டு தரப்பிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்து அறிமுகப் படலம். "ஆளுக்கு ஒரு நிமிஷம் சொல்லிடுங்க" என்று ஆரம்பித்தால் நாலாவது ஆள் டர்ன்ஓவர் கணக்கு வரைக்கும் போய்விடுவார், சூப் ஆறிவிடும். இந்த வேலையைக் கூட்டியவரே செய்ய வேண்டும். வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தால் போதும். "அண்ணா, நீங்க திருப்பூர் நிட்டிங் யூனிட்டுகளுக்குத்தான பில்லிங் சாஃப்ட்வேர் விக்கறீங்க? இவங்க அங்கயே சாயப்பட்டறைகளுக்கு கழிவுநீர் சென்சார் போடறாங்க. அந்த ஊர்ல யாரு சொன்ன தேதிக்குப் பணம் கொடுப்பாங்கன்னு உங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும்." இப்படிச் சொல்லிப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். விசிட்டிங் கார்டு இரண்டு மணி நேரத்தில் கொண்டுவராததை அந்த ஒரு வரி கொண்டுவரும்.

எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. மேஜையில் ஒருவர் மனசு விட்டு, "கையில ரெண்டு மாசத்துக்குத்தான் காசு இருக்கு" என்று சொல்வார். மறுநாள் காலை லிங்க்ட்இன்னில் யாரோ அதை, பெயர் போடாமல்தான் என்றாலும், ஊருக்கே அடையாளம் தெரிகிற மாதிரி பாடமாக எழுதியிருப்பார். போட்டோவும் அப்படித்தான். வேலையில் இருந்துகொண்டே கம்பெனி தொடங்குகிறவர்களும் வந்திருப்பார்கள். அவர்கள் முதலாளி அந்தப் படத்தைப் பார்க்கக்கூடும். பேசியது வெளியே போகக்கூடாது, கேட்காமல் படம் எடுக்கக்கூடாது என்று கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள். மீறியவரை அடுத்த தடவை கூப்பிட வேண்டாம். இதில் தயவு தாட்சண்யம் பார்த்தால் மற்றவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள்.

மறுநாள் மதியத்துக்குள் யார் யாரைச் சேர்த்துவைப்பதாகச் சொன்னீர்களோ அவர்களுக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு நன்றிச் செய்தி போட்டால் அதை யாரும் படிப்பதில்லை. மேஜை பிடிக்கிற வேலையும் ஒரே ஆள் தலையில் விழ வேண்டாம். இந்த மாதம் வந்தவர்களில் ஒருவர் அடுத்த மாதத்துக்குப் பொறுப்பு எடுக்கட்டும், எட்டுப் பேரில் மூன்று பேராவது புதியவர்களாக இருக்கட்டும்.