சாதாரண நாளைப் படமெடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

யாருடைய போனை வாங்கிப் பார்த்தாலும் கல்யாணம், பிறந்தநாள், சுற்றுலா என்று படங்கள் குவிந்து கிடக்கும். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த வீடு எப்படி இருந்தது என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. அன்றாட வாழ்க்கையைப் படங்களில் சேர்த்துவைக்க நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, ஏதாவது விசேஷம் வரட்டும் என்று காத்திருப்பதுதான். விசேஷ நாளில் எல்லோரும் ஒரே மாதிரி நிற்கிறோம், ஒரே மாதிரி சிரிக்கிறோம். ஒருவர் எந்த நாற்காலியில் காலை மடக்கி உட்காருவார், வீட்டுக்குள் நுழைந்ததும் சாவியை எங்கே போடுவார், படிக்கும்போது கண்ணாடியை மூக்கில் எவ்வளவு இறக்கிவிட்டுக்கொள்வார் என்பதெல்லாம் மற்ற நாட்களில்தான் கிடைக்கும்.

அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979 மார்ச் 31 அன்று போலராய்டு கேமராவில் ஒரு படம் எடுத்தார். அதன்பின் தினம் ஒரு படம் என்று, 1997 அக்டோபர் 25 அன்று இறக்கும் வரை தொடர்ந்தார். நண்பர்கள், சாப்பாட்டு மேசை, கடைசியில் ஆஸ்பத்திரி அறை. தனியாகப் பார்த்தால் பல படங்கள் வெகு சாதாரணமானவை. சேர்த்துப் பார்க்கும்போது ஒரு மனிதரின் 18 வருடம் அப்படியே கண்முன் நிற்கிறது. இதைப் படித்துவிட்டு உடனே தினம் ஒன்று என்று சபதம் எடுக்க வேண்டாம். ஒரு நாள் தவறியதும் மனம் விட்டுப்போய் மொத்தத்தையும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். வாரத்தில் இரண்டு மூன்று படம் போதும், விட்டுப்போனால் மறுபடி எடுக்க ஆரம்பித்தால் சரி.

அடுத்த தவறு, படமெடுக்கப் போகிறோம் என்றதும் மேசையை ஒழுங்குபடுத்துவது. பாதி படித்த புத்தகம், சார்ஜர் வயர், சுவரில் குழந்தை கிறுக்கிய கோடு எல்லாம் அந்த நாளின் அடையாளங்கள். அவற்றை ஒதுக்கிவிட்டால் விளம்பரத்தில் வருகிற மேசைதான் மிச்சம். போனில் உள்ள போர்ட்ரெய்ட் மோடும் இதே வேலையைத்தான் செய்கிறது. முகத்தை மட்டும் தெளிவாக வைத்துக்கொண்டு பின்னணியை மங்கலாக்கிவிடுகிறது. இருபது வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்ப்பவர் முதலில் தேடப்போவது அந்தப் பின்னணியைத்தான்: பழைய ஜன்னல், அலமாரி, அப்போது இருந்த டிவி. வீட்டுப் படங்களுக்கு அந்த மோடை அணைத்துவையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே தூரத்தில் நின்று எடுப்பதும் பரவலாக நடக்கிறது. ஒருவர் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கதவருகே நின்று அறை முழுவதும் ஒன்று. பிறகு அவரும் அவர் உட்கார்ந்திருக்கும் இடமும். அப்புறம் கைகள் மட்டும்: ஊசியைப் பிடித்திருக்கும் விதம், நூலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் கண்ணைச் சுருக்கும் அந்தக் கணம். முகத்தை எல்லோரும் எடுத்துவிடுகிறோம், கைகளை யாரும் எடுப்பதில்லை. முகத்துக்கு மிக அருகே போனைக் கொண்டுபோகவும் வேண்டாம். போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது, மூக்கைப் பெரிதாக்கிக் காட்டும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை விஷயம் சுலபம். ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஜன்னலோரம் தேடுங்கள். இரவில் போன் ஷட்டரை மெதுவாகத் திறந்து மூடுவதால் ஓடும் குழந்தை படத்தில் கலங்கலாகத்தான் தெரியும். அது ஒரு நொடி நிற்கும் வரை பொறுத்திருங்கள். லென்ஸைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்கப் படமெடுத்துக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல. ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹென்கல் ஓர் அருங்காட்சியகத்தில் நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. வெறுமனே பார்த்த பொருட்களைவிட, முழுதாகப் படமெடுத்த பொருட்கள் பார்வையாளர்களுக்குக் குறைவாகவே நினைவில் இருந்தன. ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் பார்த்து எடுத்தபோது அந்த மறதி ஏற்படவில்லை. ஆகவே முதலில் நன்றாகப் பாருங்கள், எதை எடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு எடுங்கள், பிறகு போனைக் கீழே வைத்துவிடுங்கள். யாராவது "இப்போ வேண்டாம்" என்றால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். எடுக்கச் சம்மதித்தவர் பிறருக்கு அனுப்பவும் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு எழுதிவைக்காமல் விடுவது. தேதியும் நேரமும், லொகேஷன் ஆனில் இருந்தால் இடமும், எக்ஸிஃப் தகவலாகப் படத்தின் கோப்பிலேயே பதிவாகிவிடும். அதை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் அந்தத் தகவல் கழன்றுவிடும், படத்தின் அளவும் சுருங்கிவிடும். குடும்பத்துக்குள் பத்திரப்படுத்த அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள். ஆனால் யார், என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை எந்தக் கேமராவும் எழுதாது. "பாட்டி, வீட்டில்" என்பது குறிப்பே இல்லை. "பாட்டி, மாடி வீட்டில், ரேடியோ இரைந்ததால் அதன் தலையில் தட்டிக்கொண்டிருக்கிறார், பின்னால் தெரிவது பக்கத்து வீட்டுப் பெண்" என்று எழுதினால் பேரப்பிள்ளைக்கும் புரியும். அச்சிட்ட படமானால் பின்பக்கம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும்.

குடும்பத்தில் எப்போதும் படமெடுப்பவர் ஒருவர் இருப்பார், எந்தப் படத்திலும் அவர் இருக்கமாட்டார். போனைக் குழந்தையிடம் கொடுங்கள், அல்லது டைமர் வையுங்கள்.

கடைசியாகப் பாதுகாப்பு. வேலை பார்த்த வீடுகளில் குழந்தைகளைக் கவனித்துக்கொண்ட விவியன் மேயர் ஒரு லட்சத்துக்கும் மேல் படங்கள் எடுத்தவர். பல ஃபிலிம் சுருள்களை அவர் கழுவிப் பார்க்கவே இல்லை. வாடகை கட்டாத கிடங்கில் இருந்த அவருடைய பொருட்கள் 2007-இல் ஏலத்துக்குப் போனபோதுதான் படங்கள் பிறர் கைக்கு வந்தன. 2009-இல் அவர் இறந்துவிட்டார். அவருடைய படங்கள் தற்செயலாகத் தப்பின. நம் படங்களுக்கும் அப்படி நடக்கும் என்று நம்பியிருக்க முடியாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பலரும் கடைப்பிடிக்கும் முறை. போனோடு ஒத்திசைந்து இயங்கும் க்ளவுட் சேவையை மட்டும் நம்பாதீர்கள். போனில் அழித்தால் பெரும்பாலும் அங்கேயும் அழிந்துவிடும்.

வருடத்துக்கு ஐம்பது படமாவது தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். ஆல்பம் வாங்கும்போது, பக்கத்தில் பசை தடவி மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிய வகை வேண்டாம். அந்தப் பசை நாளாக ஆக மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒரு பழைய ஆல்பம் இருந்தால் படங்களைப் பிய்த்தெடுக்க முயலாமல், முதலில் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்துவிடுங்கள்.