ஸ்கெட்ச் நோட்டு தொடங்க ஓர் ஆத்தங்குடிக் கல் போதும்

நோட்டும் பென்சிலுமாகச் செட்டிநாட்டின் கானாடுகாத்தானில் வந்து இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நேராகப் போய் நிற்பது அரண்மனை முகப்புக்கு எதிரில்தான். அத்தனை தூண், அத்தனை வளைவு, மேலே வரிசையாகச் சுதை வேலை. அரை மணி நேரத்தில் இடது பக்கத் தூண்கள் மட்டும் முடிந்திருக்கும், வலது பக்கத்துக்குத் தாளில் இடம் இருக்காது. நோட்டு பைக்குள் போய்விடும். அப்புறம் எங்கே வெளியே வரப்போகிறது? ஆகவே முகப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். காலடியில் கிடக்கும் ஓர் ஆத்தங்குடித் தரைக்கல்லில் தொடங்குங்கள்.

ஸ்கெட்ச் நோட்டை ஒரு நாட்குறிப்பாக நினைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். நாலு வரி எழுத்து, பக்கத்தில் ஒரு படம், அவ்வளவுதான். படம் கோணலாக இருந்தாலும் எழுத்து தாங்கிக்கொள்ளும்.

என்னென்ன வேண்டும்

ஏ5 அளவில் ஒரு நோட்டு. அதைவிடப் பெரிதாக வாங்கினால் மடியில் வைத்து வரைய முடியாது. கடையில் தாளின் கனத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள். சாதாரண எழுது நோட்டில் தண்ணீர் பட்டால் சுட்ட அப்பளம் மாதிரி நெளியும். பென்சிலும் பேனாவும் மட்டும்தான் என்றால் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் போதும். வர்ணம் பூசும் ஆசை இருந்தால் 200-க்குக் குறையாமல் எடுங்கள். 300 ஜிஎஸ்எம் வாட்டர் கலர் தாள் அருமையாக இருக்கும். ஆனால் தொடக்கத்தில் வேண்டாம் என்பேன். விலை நினைவுக்கு வந்தாலே கை தயங்கும்.

ஒரு ஹெச்பி பென்சில், ஒரு 2பி பென்சில். ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தப்பான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டால் போதும்.

பேனா நீரில் கரையாததாக இருக்க வேண்டும். பல ஜெல் பேனாக்கள் கரைந்துவிடும். கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, ஐந்து நிமிடம் காயவிட்டு, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். மை பரவினால் அந்தப் பேனா வீட்டுக் கணக்கு எழுத. ஒன்றும் கிடைக்கவில்லையா, பால்பாயிண்ட் பேனாவே போதும். அதன் மை எண்ணெய் கலந்தது, எளிதில் கரையாது.

வர்ணத்துக்கு 12 நிற வாட்டர் கலர் கேக் பெட்டி ஒன்று, 6-ஆம் நம்பர் உருண்டைப் பிரஷ் ஒன்று, துடைக்கப் பழைய வேட்டித் துணி. மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பயிற்சி: ஒரே ஒரு கல்

செட்டிநாட்டில் தொடங்குகிறவருக்கு ஆத்தங்குடிக் கல்லைப் போல ஒத்துழைக்கிற பொருள் வேறு இல்லை. அசையாது, சதுரமானது, வடிவம் திரும்பத் திரும்ப வரும்.

கல்லுக்கு நேர் மேலே நின்று குனிந்து பாருங்கள். எட்ட உட்கார்ந்து பார்த்தால் சதுரம் நசுங்கித் தெரியும். அந்த வம்பு இப்போது வேண்டாம். தாளில் பக்கத்துக்கு 8 செ.மீ. வைத்து ஒரு சதுரம் போடுங்கள். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு, மூலைக்கு மூலை இரண்டு கோடுகள், எல்லாம் மெல்லிசாக. சதுரம் எட்டு முக்கோணங்களாகப் பிரிந்துவிடும்.

இனி முழுக் கல்லையும் பார்க்காதீர்கள். ஒரே ஒரு முக்கோணத்துக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். நான்கு இதழ்ப் பூ என்று வைத்துக்கொள்வோம். நடுப்புள்ளியில் கிளம்பி மூலைவரை போகும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வில், அந்தப் பக்கம் ஒரு வில். இதழ் முடிந்தது. போடுவதற்கு முன் ஒரு கேள்வி: இதழின் பருத்த இடம் கல்லின் அகலத்தில் கால் பங்கா, மூன்றில் ஒரு பங்கா? பென்சிலைக் கல்லின் மேல் படுக்க வைத்து அளந்துகொள்ளுங்கள். வரையத் தெரிந்தவர்கள் கண்ணாலேயே ஓயாமல் செய்வதும் இந்த அளவைதான்.

அடுத்த இதழுக்கு நோட்டைக் கால் வட்டம் திருப்புங்கள். கை ஒரே திசையில் ஓடும்போதுதான் நான்கு இதழும் ஒன்றுபோல வரும். நோட்டைத் திருப்பாமல் மணிக்கட்டை முறுக்குகிறவர்களுக்கு நாலாவது இதழ் எப்போதும் நோஞ்சானாக இருக்கும்.

கோடு கொஞ்சம் நடுங்கினால் விட்டுவிடுங்கள். இந்தக் கல்லே கையால் வார்த்ததுதான். ஆத்தங்குடிப் பட்டறையில் போய்ப் பார்த்தால் தெரியும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வர்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும் உலர்வாகத் தூவி, ஈரச் சாந்து போட்டு மட்டம் தட்டுவார்கள். அப்புறம் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பது. கண்ணாடியைத் தொட்டிருந்த முகம்தான் பளபளப்பான மேல்முகம். ஊற்றும் கை மனிதக் கை என்பதால் ஒரு கல்லின் விளிம்பு இன்னொன்றைப் போல இராது.

ஆட்களை வரைய அதே பட்டறை

அசைகிற ஆளை எப்படி வரைவது என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். பட்டறை வேலையில் ஒரு வசதி உண்டு: ஊற்றுவது, தூக்குவது, தூவுவது, தட்டுவது என்று ஒவ்வொரு கல்லுக்கும் அதே அசைவுகள் திரும்ப வரும். பக்கத்தை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊற்றும்போது முதல் கட்டத்தில் முதுகுக் கோடும் தோளும் மட்டும். அவர் அச்சைத் தூக்கினால் நீங்கள் இரண்டாம் கட்டத்துக்குத் தாவுங்கள். அடுத்த கல்லுக்கு அவர் மறுபடி ஊற்றும்போது முதல் கட்டத்துக்குத் திரும்பிக் கையைச் சேருங்கள். ஏழெட்டுக் கல் முடிவதற்குள் நான்கு படமும் தேறிவிடும். முகம் வேண்டியதே இல்லை. தலைத்துண்டு கட்டிய விதமே ஆளைக் காட்டிவிடும்.

கேட்டுவிட்டு உட்காருங்கள்

இங்கே பல வீடுகள் வருஷத்தில் பெரும்பகுதி பூட்டியே இருக்கும், கல்யாணம் காட்சிக்குத்தான் திறப்பார்கள். பங்காளிகள் பல பேருக்குச் சொந்தமான வீடாக இருந்தால் காவலுக்கு இருப்பவரால் முடிவு சொல்ல முடியாது. அவரை வற்புறுத்துவது முறையில்லை. ஆள் இருக்கிற வீடு என்றால், “ஆச்சி, திண்ணையில கொஞ்ச நேரம் உக்காந்து படம் வரைஞ்சுக்கட்டுமா?” என்று கேட்டால் போதும். வரைந்ததைக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். நோட்டைப் பார்த்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும், சில சமயம் காபியும் வரும். சாமி அறைப் பக்கம் அவர்களாகக் கூப்பிட்டால் ஒழியப் போகாதீர்கள்.

வளவுத் தூண்கள்

கல் பழகிய பிறகு வளவுக்கு, அதாவது வீட்டின் உள்முற்றத்துக்கு, வரலாம். பர்மாத் தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும். ஒரு கோடியில் உட்கார்ந்து பென்சிலைக் கண் மட்டத்தில் படுக்கவாட்டில் பிடியுங்கள். அது தூண்களை வெட்டும் உயரத்தைத் தாளில் ஒரு கோடாகப் போடுங்கள். இதுதான் கண்மட்டக் கோடு. அதற்கு மேலே இருக்கும் உத்தரம் தூரம் போகப் போகக் கீழே இறங்கி வரும், கீழே இருக்கும் தரை விளிம்பு மேலே ஏறி வரும். இந்த இரண்டு சாய்வுக் கோடுகளையும் முதலில் போட்டுவிட்டு, தூண்களை நடுவில் நிறுத்துங்கள். தூணின் உயரம் குறைவது எல்லார் கண்ணிலும் படும். இடைவெளியும் குறைகிறது என்பதைத்தான் கவனிக்காமல் விடுவார்கள்.

முற்றத்தில் வெயில் விழுந்திருந்தால் அதன் எல்லையை எல்லாவற்றுக்கும் முன்னால் கோடிட்டுவிடுங்கள். தூண் காத்திருக்கும், வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

வர்ணம்

சுவர் வெள்ளைக்கு வெள்ளை வர்ணம் தொடாதீர்கள், தாளை அப்படியே விடுங்கள். நிழலுக்குக் கறுப்பும் வேண்டாம். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் அல்ட்ராமரீன் நீலத்தையும் நிறையத் தண்ணீரில் கலந்தால் நல்ல சாம்பல் நிறம் கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ந்த நிழல், சியன்னா கூடினால் தேக்கு நிழல். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும், தரையின் சிவப்பு சுவரின் அடியில் லேசாகப் பிரதிபலிக்கும். அந்த இடத்தில் சிவப்பைத் தண்ணீராக்கி ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், சுவர் பளபளக்க ஆரம்பிக்கும்.

எழுத்து

படம் காய்வதற்குள் எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் “அழகான வீடு” என்றுதான் எழுத வரும். தேதி, நேரம், எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தீர்கள், என்ன சத்தம் கேட்டது. வீட்டின் பகுதிகளுக்கு அம்புக்குறி போட்டு வீட்டுக்காரர்கள் சொல்கிற பேரையே எழுதுங்கள்: முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு. ஆச்சி கந்தரப்பத்துக்குப் பக்குவம் சொன்னால் அதுவும் அந்தப் பக்கத்திலேயே போகட்டும், ஓரத்தில் ஓலைக் கொட்டான் ஒன்றை வரைந்து. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் வர்ணம் காய நேரமாகும். அந்த நாட்களில் பக்கங்களுக்கு நடுவே ஒரு பட்டர் பேப்பர் வைத்து மூடுங்கள்.