வரலாற்றுச் சான்றுகளை வகைப்படுத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சான்று, ஆராயப்படும் காலத்திலேயே உருவான முதல்நிலையைச் சேர்ந்ததா, பிற மூலங்களைக் கொண்டு பின்னர் உருவான இரண்டாம்நிலையைச் சேர்ந்ததா என்பதை அதன் பழமையைக் கொண்டே முடிவு செய்வது, வரலாறு பயிலத் தொடங்குவோரிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு. அலெக்சாண்டரின் படையெடுப்புகளைப் பற்றி, உரோம ஆட்சிக்காலத்துக் கிரேக்க எழுத்தாளர் அர்ரியன் எழுதிய நூல் நமக்கு மிகப் பழமையானதுதான்; ஆனால் அலெக்சாண்டர் இறந்து 400 ஆண்டுகளுக்குப் பின்னரே அது எழுதப்பட்டது. உடன் சென்ற தாலமியும் அரிஸ்டோபுலஸும் எழுதியவற்றை அர்ரியன் பயன்படுத்தினார் என்றாலும், அம்மூலங்கள் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. எனவே அலெக்சாண்டரைப் பற்றிய கேள்விக்கு அந்நூல் இரண்டாம்நிலைச் சான்றே. உரோம ஆட்சிக்காலத்துக் கிரேக்கர் ஒருவர் அலெக்சாண்டரை எவ்வாறு மதிப்பிட்டார் என்று கேட்டாலோ, அதே நூல் முதல்நிலைச் சான்றாகிவிடுகிறது. கேள்வி மாறினால் வகையும் மாறும் என்பதைப் பாடநூல் அட்டவணைகள் சொல்லாமல் விடுவதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து.

போலி என்று தெரிந்தவுடன் ஓர் ஆவணத்தை ஒதுக்கிவிடுவதும் இதே குழப்பத்தால் நேர்வதுதான். மேற்கு உரோமப் பகுதிகளின் ஆட்சியுரிமையைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் போப்பாண்டவருக்கு வழங்கியதாகக் கூறும் ஆவணத்தின் இலத்தீன் நடை 4ஆம் நூற்றாண்டுக்குரியதன்று என்று 1440இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா எடுத்துக்காட்டினார். கான்ஸ்டன்டைனைப் பற்றி அது எதையும் நிறுவாது. ஆயினும் அது புனையப்பட்டதாகப் பொதுவாகக் கருதப்படும் 8ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவருக்காக எத்தகைய உரிமைகள் கோரப்பட்டன என்பதற்கு, அப்போலியே முதல்நிலைச் சான்று.

முதல்நிலைச் சான்று என்பதாலேயே அதன் கூற்றை நம்பிவிடவும் கூடாது. கி.மு. 1274 அளவில் நடந்த காதேஷ் போரில் பெருவெற்றி பெற்றதாக எகிப்திய அரசர் இரண்டாம் ராம்சேஸ் கோயில் சுவர்களில் பொறித்துவைத்தார். எதிர்த்துப் போரிட்ட ஹிட்டைட்டுகளின் களிமண் பலகைகளோ, வென்றது தங்கள் அரசரே என்கின்றன. அரசர் புகழ் பாடும் பொறிப்புகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்காது.

அக்களிமண் பலகைகளைத் தொல்லியல் சான்று, எழுத்துச் சான்று ஆகிய இரண்டில் ஒன்றில் மட்டும் அடக்க முயல்வதும் வீண். எழுத்து செய்தியைத் தருகிறது. பலகை கிடைத்த இடமும் மண்ணடுக்கும் அச்செய்தியின் சூழலைத் தருகின்றன. நாணயத்துக்கும் இது பொருந்தும்: அதிலுள்ள ஆண்டு அது அச்சிடப்பட்ட காலத்தையே காட்டும். புதைந்த காலம் அதற்குப் பல தலைமுறைகள் பிந்தியதாகவும் இருக்கலாம் என்பதால், நாணயத்தின் ஆண்டையே மண்ணடுக்கின் ஆண்டாகக் குறித்துவிடக் கூடாது.