9 மாத எம்.எம்.ஆர். ஊசி கனடாவில் கணக்கில் வராது

ஹட்டனிலிருந்து கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் போகுமுன், 5 வயது மகளின் தடுப்பூசி விவரத்தை அங்குள்ள பாடசாலைக்கு அனுப்பினோம். எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் எதிரான ஊசி) 2 முறை போட்டிருந்தும் ‘போதாது’ என்றே பதில் வந்தது. கிளினிக் அட்டையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முத்திரையோடு அனுப்பினோம்; அதே பதில். திகதியில் மாதத்தை முன்னால் வைத்து வாசித்துவிட்டார்களோ என்று, மாதத்தை எழுத்தில் எழுதியும் பார்த்தோம். மாற்றமில்லை. ஒரு வாரம் போய்விட்டது.

சிக்கல் தாளில் இல்லை, ஊசி போட்ட வயதில் இருந்தது. இலங்கையில் எம்.எம்.ஆர். 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுவார்கள். ஒன்டாரியோவிலோ முதல் பிறந்தநாளிலிருந்து போட்டவைதான் கணக்கு. ஆகவே நம்முடைய 3 வயது ஊசிதான் அங்கே முதலாவது. 9 மாத ஊசி வீண் என்று நினைக்க வேண்டாம், கைக்குழந்தையாக இருந்தபோது பிள்ளையைக் காத்தது அதுதான்.

தனியார் கிளினிக்கில் இன்னொரு எம்.எம்.ஆர். போட்டதும் அந்தக் குறை தீர்ந்தது. கூடவே கொப்பளிப்பான் ஊசியும் போட்டுவிட்டோம். அது நம் அரச அட்டவணையில் இல்லை. 2010இலும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்கு அங்கே கேட்பார்கள். இரண்டுமே வலுக்குறைந்த உயிர்க்கிருமி ஊசிகள். ஒரே நாளில் போடலாம். தவறினால் 4 வார இடைவெளி வேண்டும். கொப்பளிப்பானின் 2ஆவது ஊசியை அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம். பயணத் திகதி குறிக்கும்போதே இந்த 4 வாரத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள்.