மீன் கழிவைத் தீவனமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் ஆலைகளில் மிஞ்சும் தலை, நடுமுள், குடல், தோல் எல்லாம் சேர்ந்தால் பல வகை மீன்களில் பாதி எடை வரை வந்துவிடும். அதில் நல்ல புரதம் இருக்கிறது, வளர்ப்பு மீன் தீவனத்தில் மீன்தூளின் ஒரு பகுதியை அது ஈடுகட்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆய்வுக்கூடத் தாளில் இருக்கும் புரத எண்ணை மட்டும் நம்பி இறங்கினால் நிச்சயம் ஏமாறுவீர்கள்.

ஏனென்றால் அந்தச் சோதனை பெரும்பாலும் புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிச் சொல்கிறது. இறால், நண்டு ஓட்டில் இருக்கும் கைட்டின் புரதமே கிடையாது, ஆனாலும் அதில் கிட்டத்தட்ட 6.9 சதவீதம் நைட்ரஜன் உண்டு. பெருக்கிப் பாருங்கள், சுத்தமான கைட்டின்கூட 43 சதவீதப் புரதம் என்று காட்டும்! பல மீன்களால் அதைச் சரியாகச் செரிக்க முடியாது. கழிவு அழுகும்போது உண்டாகும் அம்மோனியாவும் அமீன்களும்கூட இந்தக் கணக்கில் புரதமாக நுழைந்துவிடும். அதனால் கைட்டின் நைட்ரஜனைக் கழித்த புரதம் எவ்வளவு, மீனுக்குத் தேவையான அமினோ அமிலங்களான லைசினும் மெத்தியோனினும் எவ்வளவு, சாம்பல் (எரித்தால் மிஞ்சும் தாதுப்பொருள்) எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். முள் அதிகமாக இருந்தால் சாம்பலும் அதிகம்: கால்சியமும் பாஸ்பரஸும் மிஞ்சி, மீன் துத்தநாகத்தை உறிஞ்சுவது குறையும், செரிக்காத பாஸ்பரஸ் குளத்துக்குப் போய்ப் பாசியை வளர்க்கும்.

அடுத்தது நேரம். 'எப்படியும் வேகவைக்கத்தானே போகிறோம்' என்று கழிவை வெயிலில் குவித்து வைப்பதுதான் என் பார்வையில் மிகப் பெரிய தவறு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவற்றில் பாக்டீரியா உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் வேகவைத்தாலும் போகாது. எண்ணெயும் காறிப்போய்விடும், அது தீவனத்தில் உள்ள வைட்டமின் ஈ-யையும் சேர்த்து அழிக்கும். வெட்டிய உடனே பனிக்கட்டியில் போடுங்கள், முடியாவிட்டால் அங்கேயே அரைத்து அமிலம் சேர்த்துவிடுங்கள்.

அமிலம் சேர்த்து சைலேஜ் (அரைத்த கழிவு அமிலத்தில் அழுகாமல் கரைந்து கூழாவது) செய்பவர்கள் ஃபார்மிக் அமிலத்தை வழக்கமாக 2.5 முதல் 3.5 சதவீதம் வரை கலக்கிறார்கள். அளவைவிட பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு கூடினால் இது குறையும்) 4-க்குக் கீழே இறங்கியதா என்பதுதான் முக்கியம், முள் நிறைந்த கழிவு அமிலத்தை விழுங்கிவிடும் என்பதால் கூடுதலாகத் தேவைப்படும். பெரிய துண்டுகளை விட்டுவைத்தால் உள்ளே அமிலம் போகாமல் நடுவில் அழுகும். இரும்பு டிரம் அரித்துப்போகும், பிளாஸ்டிக் போதும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அந்த அமிலத்தைத் தொடவே வேண்டாம். அப்புறம், மாதக்கணக்கில் சேமித்தால் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் குறைந்துகொண்டே போகும்.

அமிலம் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்றும் நினைக்காதீர்கள். சில மீன் வைரஸ்கள் சைலேஜிலும் தாக்குப்பிடிக்கும், அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் சைலேஜ் முறையில் 85 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் சூடாக்கும் படியும் இருக்கிறது. வளர்ப்பு மீனின் கழிவுப் புரதத்தை அதே இன வளர்ப்பு மீனுக்குக் கொடுப்பதையும் அங்கே 1069/2009 விதி தடுக்கிறது. பச்சை இறால் தலையை இறாலுக்கே போடுவது இறாலைக் கொல்லும் வைரஸ் நோயான வெள்ளைப்புள்ளி நோயைக் கூப்பிட்டு உட்காரவைக்கிற வேலை, உறையவைத்தாலும் அந்த வைரஸ் சாகாது. சில மீன்களின் குடலில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதியும் உண்டு, நல்லவேளையாக அது சூட்டில் செயலிழந்துவிடும்.

கடைசியாக, கலக்கும் கணக்கு. சைலேஜில் முக்கால் பங்கு தண்ணீர்தான். நூறு கிலோ மீன்தூளை எடுத்துவிட்டு நூறு கிலோ சைலேஜைப் போட்டால் மீனுக்குப் போவது கால்வாசி உலர்பொருள்தான், எனவே எப்போதும் உலர் எடையில் கணக்கிடுங்கள். சைலேஜில் ஏற்கெனவே சிதைந்து கரைந்துபோன புரதம் மிக வேகமாக உடலில் ஏறிவிடுவதால் அளவுக்கு மீறினால் வளர்ச்சியே குறையும். சிறு பங்கில் தொடங்கி, தனித் தொட்டியில் சில வாரம் எடையும் தீவன மாற்று விகிதமும் (ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் என்ற கணக்கு) பார்த்த பிறகே கூட்டுங்கள்.