முகாம் படிவத்தில் போடக்கூடாத ஒரு கோடு

போன ஐப்பசியில், கும்பகோணம் பக்கம் அரசலாற்றங்கரையில் நடந்த பத்து நாள் மௌன முகாமுக்குத் தொண்டு செய்யப் போயிருந்தேன். காய் நறுக்குவது, மணி அடிப்பது, வருகிறவர்களுக்குப் படிவம் கொடுப்பது என் வேலை. ஒரு பெரியவர் 'உடல்நலக் குறைகள்' என்ற இடத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டு, "சுகர் இருக்கு தம்பி. எழுதினா சேர்க்க மாட்டாங்கல்ல, அதான்" என்று காதோரம் சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் இதே கோட்டை இழுத்திருக்கிறேன்.

கைப்பேசியை அணையுங்கள், தளர்வான உடை கொண்டுவாருங்கள் என்பதெல்லாம் படிவத்தின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். அதை விட்டுவிடுகிறேன். முகாமுக்கு வருகிறவர்கள் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நோயை மறைப்பது, மாத்திரையை நிறுத்துவது

அப்போது எனக்கு வயது 42. ரத்த அழுத்தத்துக்கு தினமும் அட்டினோலால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். படிவத்தில் கோடு போட்டதோடு நில்லாமல், மாத்திரை அட்டையையும் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். மனசு அடங்கினால் பிரஷர் தானாக அடங்கிவிடும் என்று ஒரு நினைப்பு.

நான்காம் நாள் காலை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பின்மண்டையில் ஏதோ ஏறுவதுபோல ஒரு கனம், காதுக்குள் இரைச்சல். மௌனம் காத்த மகானாகிய நான் என்ன நினைத்தேன் தெரியுமா? குண்டலினி கிளம்பிவிட்டது என்று! யாரிடமும் வாய் திறக்காமல், உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டு இன்னும் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். ஆறாம் நாள் தலை சுற்றிச் சுவரைப் பிடித்தபோதுதான் தொண்டர் ஒருவர் பார்த்தார். ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். 200க்கு 110. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க?"

அந்த வகை மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், அதுவரை அடக்கி வைத்திருந்த நாடித்துடிப்பும் அழுத்தமும் ஒரேயடியாக எகிறும். இதய நோய் இருப்பவருக்கு மாரடைப்பே வரலாம். குறைப்பதானாலும் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சர்க்கரைக்காரர்களுக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். இந்த மாதிரி முகாம்களில் காலை 4 மணிக்கு மணி அடிக்கும், 11 மணிக்கு மதியச் சாப்பாடு. மாலை 5 மணிக்குத் தேநீரும் பழமும். அவ்வளவுதான், அடுத்த வேளை மறுநாள் காலை 6:30க்கு. கணக்குப் போட்டால், முழுச் சாப்பாடு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே 19 மணி நேரத்துக்கு மேல். இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டு ராத்திரிப் பட்டினி கிடந்தால் சர்க்கரை அடியோடு இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும். ஒரு முகாமில் இப்படி ஒருவரை விடியற்காலை மூன்று மணிக்குக் கொசுவலைக்குள் நனைந்த சட்டையோடு பார்த்து, நாட்டுச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினோம். அவர் படிவத்திலும் கோடுதான் இருந்தது.

மனநலத்துக்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மறைப்பதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. தூக்கம் குறைந்து, நாள் முழுக்கப் பேச்சே இல்லாமல் இருப்பது அவர்களுக்குப் பழைய தொந்தரவைத் திரும்பக் கிளப்பிவிடலாம். அதனால்தான் கேட்கிறார்கள். உண்மையை எழுதினால் ராத்திரிக்கு இரண்டு இட்லி தனியாகக் கொடுப்பார்கள்; மிஞ்சிப்போனால், 'உடம்பு சரியானதும் வாருங்கள்' என்பார்கள். முகாம் எங்கே ஓடிப்போகிறது?

அந்தப் பெரியவரின் படிவத்தை நானே திருப்பிக் கொடுத்து எழுத வைத்தேன். முறைத்துக்கொண்டேதான் எழுதினார்.

திருமூலர் கணக்கை முதல் நாளே போட்டுப் பார்ப்பது

திருமூலர் தவமிருந்ததாகச் சொல்லப்படும் திருவாவடுதுறை நமக்குப் பக்கத்தில்தான். அந்த உரிமையோ என்னவோ, 16 மாத்திரை மூச்சை இழுத்து, 64 நிறுத்தி, 32இல் விடுவது என்ற அவர் கணக்கைக் கூடத்து மூலையில் உட்கார்ந்து தாங்களாகவே முயல்கிறவர்கள் எல்லா முகாமிலும் உண்டு. (இது காலக் கணக்கு மாத்திரை, மருந்துக் கடை மாத்திரை அல்ல.) பல காலப் பழக்கத்துக்கு அப்புறம் எட்டுகிற கணக்கு அது. மூச்சை அடக்கி முக்கினால் அழுத்தம் ஏறும். கண் நீர் அழுத்தம் இருப்பவர்கள் சிரசாசனத்தின் பக்கமே போகக்கூடாது, கண்ணுக்குள் அழுத்தம் வெகுவாகக் கூடிவிடும்.

எல்லா இடமும் ஒன்றுதான் என்று கிளம்புவது

குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் சாந்திவனம், 1950இல் பிரெஞ்சுப் பாதிரியார்கள் இருவர் தொடங்கிய ஆசிரமம். அங்கே வழிபாட்டின் தாளத்தோடு நாள் நகரும். கரூர் பக்கம் நெரூரில் சதாசிவ பிரம்மேந்திரர் என்ற துறவியின் அதிஷ்டானத்துக்கு (சமாதிக்கு) போனால் வகுப்பும் இல்லை, மணியும் இல்லை. வில்வ மரத்தடியில் சும்மா உட்காரலாம். பேசாமலே திரிந்த மனிதர் அவர். உங்களுக்குப் பத்து நாள் கட்டுப்பாடு வேண்டுமா, அரை நாள் அமைதி போதுமா என்று முதலில் பாருங்கள். நிறையப் பேருக்கு நெரூரே போதும் என்பது என் கட்சி.

நாற்காலி கேட்க வெட்கப்படுவது

கேளுங்கள்.

விடியற்காலையில் தனியாக ஆற்றில் இறங்குவது

மணல் அள்ளிய பள்ளம் மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

ஊர் திரும்பியதும் வீட்டாருக்கு உபதேசம்

முகாமுக்குப் போனது நீங்கள், அவர்கள் இல்லை.

வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வருவது

இது நம் டெல்டாவுக்கென்றே உள்ள தவறு. குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் குவித்து, தார்ப்பாய் மூடி, மச்சானைக் காவல் வைத்துவிட்டு முகாமுக்கு வந்துவிடுவார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையை வாங்க மாட்டார்கள். ஐப்பசியில் வானத்தை நம்ப முடியுமா? கண்ணை மூடினால் மூச்சா தெரியும், நெல்தான் தெரியும்.

சுகர் பெரியவரும் அப்படி வந்தவர்தான் என்பது எனக்குப் பத்தாம் நாள்தான் தெரிந்தது. மௌனம் கலைந்ததும் எல்லோரும் தியான அனுபவம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் நேராகச் சமையற்கட்டுக்கு வந்து, "தம்பி, புதன்கிழமை ராத்திரி பெஞ்சது இங்க மட்டுமா, தெற்கால வலங்கைமான் பக்கமுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தகரக் கூரையில் விழுந்த சத்தத்தை வைத்தே எத்தனை நேரம் பெய்தது என்று கணக்குப் பண்ணி வைத்திருந்தார். "ரெண்டே கால் மணி நேரம்" என்றார்.