கடற்படைப் பதக்கத்தின் விளிம்பைப் படிக்கும்போது செய்யும் தவறுகள்

முதல் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படையாளர் ஒருவரின் பதக்கங்கள் கையில் கிடைத்தால், கூடவே அவருடைய பணிப்பதிவேட்டின் நகலும் வந்தால், பலர் முதலில் தேடுவது கப்பல் பெயர்களைத்தான். பதிவேட்டில் ‘விக்டரி’ என்று இருக்கும். உடனே, நெல்சன் உயிர்விட்ட அந்தப் பழைய கப்பலில் இவர் இருந்தார் என்று குடும்பக் கதை ஒன்று பிறந்துவிடும்.

அந்தப் பதிவேட்டில் ‘விக்டரி’ என்றால் போர்ட்ஸ்மத் கரைத்தளம். ‘பெம்புரோக்’ சாத்தம், ‘விவிட்’ டெவன்போர்ட். கடற்படைச் சட்டப்படி ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கப்பலின் கணக்குப் புத்தகத்தில் இருந்தாக வேண்டும். சம்பளமும் சாப்பாடும் அந்தக் கணக்கில்தான். அதனால் முகாம்களுக்கும் கப்பல் பெயர் சூட்டினார்கள். ‘விக்டரி 1’, ‘விவிட் 2’ என்று எண்ணோடு வருபவை இப்படிப்பட்ட கணக்குப் பிரிவுகளே. ‘கேஞ்சஸ்’ ஷாட்லியில் இருந்த சிறுவர் பயிற்சிப் பள்ளி. ‘டால்ஃபின்’ காஸ்போர்ட்டின் நீர்மூழ்கித் தளம்.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கும். நாசகாரிக் கப்பல்கள், நீர்மூழ்கிகள் போன்ற சிறிய கலங்களில் இருந்தவர்களைத் தாய்க்கப்பலின் கணக்கில் எழுதுவது வழக்கம். பதிவேட்டில் ‘ஹெக்லா’ என்று இருந்தால் அவர் அந்தத் தாய்க்கப்பலிலேயே உட்கார்ந்திருந்தார் என்று அர்த்தமில்லை. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பென்சிலால் கிறுக்கியதுபோல இன்னொரு பெயர் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அவர் உண்மையில் ஏறிய கலம் பெரும்பாலும் அதுதான்.

இனி பதக்கத்துக்கு வருவோம். 1914–15 நட்சத்திரம் என்ற பதக்கத்தில் பெயர் பின்புறத்தில் இருக்கும். வெள்ளியாலான பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்திலும் வெண்கல வெற்றிப் பதக்கத்திலும் விளிம்பில் பொறித்திருப்பார்கள்: எண், பெயர், தரம் (பதவி நிலை), ‘ஆர்.என்.’ (ராயல் நேவி) என்ற வரிசையில். அதிகாரிகளுக்கு எண் கிடையாது. பெயரை வைத்துத் தேடுவதுதான் இங்கே பெரிய தவறு. ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானவர் இருப்பார்கள்; எண் ஒருவருக்கு மட்டும்தான்.

அந்த எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தை அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். 1908 முதல் சேர்ந்தவர்களுக்கு ‘ஜே’ என்றால் மேல்தள மாலுமி அல்லது சமிக்ஞைப் பிரிவு, ‘கே’ என்றால் கொதிகலனுக்குக் கரி தள்ளும் ஸ்டோக்கர், ‘எல்’ அதிகாரிகளின் சமையல்காரர், பணியாளர், ‘எம்’ கைவினைஞர், எழுத்தர், மருத்துவப் பணியாளர் போன்ற பலதரப்பட்டோர், ‘எஃப்’ கடற்படை விமானப்பிரிவு, ‘எஸ்.எஸ்.’ குறுகிய கால ஒப்பந்தம். எழுத்தே இல்லாத ஆறு இலக்க எண் என்றால் பெரும்பாலும் 1908-க்கு முன் சேர்ந்தவர். 1925-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு ஜே.எக்ஸ்., கே.எக்ஸ். என்று ‘எக்ஸ்’ ஒட்டிக்கொள்ளும். ஆகவே 1914–15 நட்சத்திரத்தோடு ‘ஜே.எக்ஸ்.’ எண் கொண்ட போர்ப் பதக்கம் ஒன்று சேர்ந்து வந்தால், யாரோ இரண்டு பேருடையதைக் கலந்திருக்கிறார்கள்.

‘ஆர்.என்.வி.ஆர்.’ (கடற்படையின் தன்னார்வ ரிசர்வ் படை) என்று முடியும் பதக்கங்களில் இன்னொரு சிக்கல். எண்ணில் டி.இசட். என்றால் டைன்சைடு, சி.இசட். கிளைடு, எல்.இசட். லண்டன் தன்னார்வப் பிரிவு. இவர்களில் பலர் கடலையே பார்க்காமல் ராயல் நேவல் டிவிஷனில் காலாட்படையாகப் போனவர்கள். 1914-இல் ஆன்ட்வெர்ப், 1915-இல் கலிப்போலி, 1916 நவம்பரில் ஆன்க்ர் என்று பதுங்குகுழிகளில்தான் சண்டை. அவர்களுடைய கப்பலைத் தேடி மாதக்கணக்கில் அலைவது வீண். 1914 நட்சத்திரம் என்ற தனிப் பதக்கம் கடற்படையில் இவர்களைப் போல பிரான்ஸ், பெல்ஜியம் கரையில் இறங்கியவர்களுக்குத்தான். அதே நாட்களில் கப்பலில் இருந்தவருக்குக் கிடையாது. அவருக்கு 1914–15 நட்சத்திரம்.

மூன்று பதக்கங்களும் சேர்ந்தே வரவேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கு இது: நட்சத்திரம் பெற்றவருக்கு மற்ற இரண்டும் உண்டு. வெற்றிப் பதக்கம் பெற்றவருக்குப் போர்ப் பதக்கமும் உண்டு. போர்ப் பதக்கம் மட்டும் தனியாக வரலாம். 28 நாள் பணி அதற்குப் போதும். எனவே நட்சத்திரமும் வெற்றிப் பதக்கமும் இருந்து வெள்ளி மட்டும் காணோம் என்றால், அது தொலைந்தது அல்லது உருக்கப்பட்டது. 1980-ஐ ஒட்டி வெள்ளி விலை எகிறியபோது உலைக்குப் போனவை ஏராளம். அந்தக் காலி இடத்தில் விற்பவர் வேறொருவருடைய பதக்கத்தைச் செருகியிருக்கலாம். பழைய எழுத்தை அராவிவிட்டுப் புதிதாகப் பொறித்தும் இருக்கலாம். வெர்னியர் காலிப்பரை எடுங்கள். விட்டம் 36 மி.மீ. இருக்க வேண்டும். விளிம்பை அராவியிருந்தால் கொஞ்சம் குறையும். எழுத்துள்ள இடத்தில் விளிம்பு தட்டையாகவும் மற்ற இடத்தில் வட்டமாகவும் தெரியும். நட்சத்திரத்தில் ஒரு தரமும் மற்ற இரண்டில் அதைவிட உயர்ந்த தரமும் இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். இடையில் பதவி உயர்வு வந்திருக்கும்.

போர்ப் பதக்கத்தின் ரிப்பனில் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய சண்டையைக் குறிக்கும் ‘ஜட்லண்ட் 31 மே 1916’ என்ற பட்டை குத்தியிருந்தால் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். 1920-இல் கடற்படைக்கென 68 பட்டைகளுக்கு ஒப்புதல் தரப்பட்டது. செலவைக் காரணம் காட்டிக் கைவிட்டார்கள். ஒன்றுகூட அதிகாரபூர்வமாக வழங்கப்படவில்லை. விருந்துகளுக்கு அணியும் சிறுவடிவப் பதக்கங்களில் சிலர் சொந்தக் காசில் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதேபோல 1916-இல் பெரிய போர்க்கப்பலில் இருந்தவர் எல்லாரும் ஜட்லண்டில் சண்டை போட்டவர் ஆகமாட்டார். ‘குயின் எலிசபெத்’ அன்று பழுதுபார்ப்புத் துறையில் நின்றது. ‘டிரெட்நாட்’டும் அங்கே இல்லை. பதிவேட்டில் அவர் கப்பலில் சேர்ந்த நாள், விலகிய நாள் இரண்டும் இருக்கும். மே 31 அதற்குள் விழுகிறதா என்று பாருங்கள், பிறகு கப்பல் அங்கே இருந்ததா என்று பாருங்கள்.

சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனும் இந்தத் தவறுகளின் பட்டியலில் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அந்தக் கப்பலை நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ அடித்து நொறுக்கியது. சிதைவிலிருந்து எடுத்த மெக்சிகோ வெள்ளி டாலர்களுக்கு மேலே கிரீடம் வைத்து ஆயிரம் பதக்கங்கள் செய்தார்கள். அது போரின் நினைவுப் பொருள், பணிப் பதக்கம் அல்ல. சிட்னியின் ஆட்களுக்குப் போக மிச்சம் பொதுமக்களுக்கும் விற்கப்பட்டது. எனவே அதை வைத்திருந்தவர் அந்தக் கப்பலில் இருந்தார் என்பதற்கு அது மட்டும் சான்றாகாது.

நீண்டகாலப் பணி, நன்னடத்தைப் பதக்கத்தில் மட்டும் விளிம்பில் கப்பல் பெயரும் வரும். இது மக்களை நன்றாகவே ஏமாற்றும். ‘எச்.எம்.எஸ். ஹூட்’ என்று பொறித்திருந்தால், பதக்கம் வழங்கப்பட்ட நேரத்தில் அவர் அந்தக் கப்பலின் கணக்கில் இருந்தார், அவ்வளவே. போர்க்காலம் முழுக்க வேறெங்கோ இருந்திருப்பார்.

இந்தப் பதக்கத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் வேண்டும். எண்ணத் தொடங்குவது சேர்ந்த நாளிலிருந்து அல்ல, 18 வயது நிறைந்த நாளிலிருந்து. சிறுவனாகக் கழித்த காலம் கணக்கில் வராது. 1893-இல் பிறந்து 1908-இல் பதினைந்து வயதில் சேர்ந்தவரை எடுத்துக்கொள்வோம். 1911-இல் பதினெட்டு. முதல் பன்னிரண்டு ஆண்டு ஒப்பந்தம் 1923-இல் முடியும். பதக்கம் 1926-இல். ஓய்வூதியத்துக்கு 22 ஆண்டு, அதாவது 1933. சட்டைக் கையில் தைக்கும் நன்னடத்தைக் கோடுகள் 3, 8, 13 ஆண்டுகளில், அதாவது 1914, 1919, 1924-இல் வரும். கையில் புகைப்படம் இருந்தால் கோடுகளை எண்ணியே ஏறக்குறைய எந்த ஆண்டுப் படம் என்று சொல்லிவிடலாம். கோடு குறைந்திருந்தால் பதிவேட்டின் நடத்தைப் பத்தியைப் பாருங்கள், ‘வி.ஜி.’ (மிக நன்று) இல்லாத ஆண்டு ஏதாவது தென்படும். அதே பதிவேட்டில் ‘ரன்’ என்ற சொல் இருந்தால் அவர் தப்பி ஓடியவர். அப்படிப்பட்டவர் போர்ப் பதக்கங்களையும் இழந்திருக்கலாம்.

இரண்டாம் உலகப்போருக்கு வந்தால் ஆட்டமே வேறு. பிரிட்டன் வழங்கிய நட்சத்திரங்களில் பெயரே கிடையாது. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் பொறித்துக் கொடுத்தன. பெயரில்லாத பிரிட்டிஷ் நட்சத்திரம் போலி என்று ஒதுக்குவதும் தவறு, அதில் புதிதாகப் பெயர் பொறிக்கக் கொடுப்பது அதைவிடத் தவறு. இங்கே சான்று அட்டைப் பெட்டியும், அதற்குள் எத்தனை பதக்கம் என்று காட்டும் சின்னச் சீட்டும்தான். அதைத் தூக்கிப் போட்டவர்கள் பிறகு வருந்துவார்கள்.

அட்லாண்டிக் நட்சத்திரத்துக்குக் கடலில் ஆறு மாதம். ஆனால் அதற்கு முன் 1939–45 நட்சத்திரத்துக்கான ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும். ஆக ஒரு வருடம். காயம்பட்டவர், வீரப் பதக்கம் பெற்றவர் போன்றோருக்கு விலக்கு உண்டு. பர்மா நட்சத்திரத்தில் கடற்படைக்கான எல்லை வங்காள விரிகுடா. அதன் மேற்கு ஓரம் இலங்கையின் தென்முனையிலிருந்து தெற்கே 300 மைல் ஓடும் கோடு. கடலில் இருந்ததுதான் கணக்கு. பணிப்பதிவில் ‘ஹைஃப்ளையர்’ என்றால் திருகோணமலைக் கரைத்தளம், ‘லங்கா’ என்றால் கொழும்பு. கடலே இல்லாத கோயம்புத்தூரில்கூட ‘எச்.எம்.எஸ். கருடா’ என்ற பெயரில் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்பு நிலையம் இருந்தது. ‘கருடா’வைக் கப்பலென்று நம்பி அதன் படத்தைத் தேடவேண்டாம்.

ஆவணங்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தேடவேண்டிய தொகுப்பு எண்கள் இவை: மாலுமிகளின் பதிவேடு ஏ.டி.எம். (கடற்படைத் தலைமையக ஆவணங்களின் குறியீடு) 188, அதிகாரிகளுடையது 196, பதக்கப் பட்டியல் 171, ராயல் நேவல் டிவிஷன் 339. மாலுமியிடமே இருந்த தோல்தாள் சான்றிதழ் வீட்டில் கிடைத்தால் அதன் மூலைகளைப் பாருங்கள். ஒரு மூலை நேராக வெட்டப்பட்டிருந்தால் அது எலி கடித்ததல்ல. கெட்ட நடத்தைக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவரின் தாளை அப்படி வெட்டச் சொல்லி விதி இருந்தது.

பாலிஷ் விஷயம். பித்தளை பாலிஷ் ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் உலோகத்தை எடுக்கும். முதலில் மழுங்குவது விளிம்பு எழுத்து. வெள்ளியின் கறுப்பை அப்படியே விடுங்கள். அழுக்கு மட்டும் போகவேண்டுமானால் ரிப்பனைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு மென்மையான தூரிகையால் துடைத்து, உடனே ஒற்றி உலர்த்துங்கள். பிளாஸ்டிக் உறையில் பி.வி.சி. இருந்தால் பச்சைப் பிசின் படியும். அமிலமற்ற காகிதம் போதும். கையில் எடுத்த அன்றே விளிம்பைச் சுற்றி நான்கு கோணங்களில், பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் மூன்றும் எட்டும் ஒன்றுபோலத் தெரியும்.